வேடமீன்

பவளப்பாறையின் ஓரத்திலே ஒரு கடை. கூரையில்லை, கதவில்லை, பெயர்ப்பலகை இல்லை. ஆயினும் வாடிக்கைக்குக் குறைவே இல்லை. விரல் நீளமுள்ள ஒரு மீன் அங்கே கடை விரித்திருக்கிறது. உடல் நெடுக ஒரு கருங்கோடு; அக்கோட்டைச் சூழ்ந்து ஒளிரும் நீலம். உடலை மேலும் கீழுமாய் அசைத்து அது ஆடுகிறது. ஆட்டத்தைக் கண்டதும், அதனை ஒரே வாயில் விழுங்கத்தக்க பெருமீன்கள் வந்து காத்து நிற்கின்றன. வாயைத் திறக்கின்றன; செவுளை விரிக்கின்றன; அசையாமல் மிதக்கின்றன. சிறுமீன் உள்ளே நுழைகிறது. பல்லிடுக்கிலும் செவுள் மடலிலும் பற்றியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்கிறது. வந்த வழியே வெளியேறுகிறது. புலியின் வாய்க்குள் புகுந்து புறப்படும் முயலைக் கண்டவருண்டோ? கடலிலே காணலாம், நாள்தோறும்.

சற்றுத் தள்ளி இன்னொரு கடை. அதே அளவு, அதே கருங்கோடு, அதே நீலம், அதே ஆட்டம். நம்பி வருகிறது ஒரு மீன். துடுப்பை விரித்து நிற்கிறது. அடுத்த நொடி, துடுப்பிலே ஒரு துண்டைக் காணோம்! கடித்தவன் பாறைப் பொந்துக்குள்ளே பதுங்கிவிட்டான். வந்த மீன் விதிர்விதிர்த்துத் திரும்புகிறது. கடைதான் போலி, கடைக்காரன் வேடதாரி.

இந்தக் காட்சியை நாம் எடுத்துரைத்தது பாலக்கோட்டிலே. தக்காளி மண்டியும் மாந்தோப்பும் சர்க்கரை ஆலையும் அறிந்த ஊர். கடலை அறியாத ஊர். எதிரே அமர்ந்திருந்த பிள்ளைகளில் அலையைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர் என்று கேட்டோம். மூன்று கைகள் உயர்ந்தன. அறிவியல் ஆசிரியர் அன்று விடுப்பு. அவருடைய வகுப்பு நம் தலையில் விழுந்தது. நாம் கற்றதோ கலைப்பட்டம், கற்பிப்பதோ வரலாறு. பிள்ளைகளின் கூச்சல் அடங்கினால் போதும் என்ற எண்ணத்தில்தான் மீனைக் கொணர்ந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கூச்சல் அடங்கிற்று. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: “ஐயா, அந்த மீனுக்கு வேசம் போடக் கத்துக் கொடுத்தது யாருங்க?”

“சாமிதான்” என்றான் பக்கத்தில் இருந்தவன். வகுப்பு சிரித்தது. கேட்டவன் சிரிக்கவில்லை. அவனுக்கு விடை வேண்டும்.

சாமி என்று சொல்லிவிட்டால் மணி அடிக்கும் முன்பே பாடம் முடிந்துவிடும். மணி அடிக்க நேரம் இருந்தது. அன்றியும், அவன் கேட்டது மனித இனம் நெடுநாள் கேட்ட கேள்வி. அதற்கு விடை வந்த வழியே ஒரு வரலாறு. வரலாறு நம்முடைய துறை. வகுப்பிலே துண்டு துண்டாய்ச் சொன்னதை இங்கே கோவையாகத் தருகிறோம்.

ஐரோப்பியர் இந்த மீன்களுக்குப் பெயரிட்ட காலத்திலிருந்து தொடங்குவோம். ‘அஸ்திரோலாப்’ என்னும் பிரெஞ்சுக் கப்பல் உலகைச் சுற்றிச் சேர்த்து வந்த உயிரினங்களைக் குவா, கெமார் என்ற இரு கப்பல் மருத்துவர்கள் ஏட்டில் பதித்தனர். அவ்வேட்டில் 1834ஆம் ஆண்டு ‘அஸ்பிடோண்டஸ் டேனியாட்டஸ்’ என்று ஒரு மீன் பெயர் பெற்றது. அதுவே நாம் சொன்ன வேடதாரி. ஐந்து ஆண்டு கழித்து, 1839இல், வாலென்சியன் என்ற பிரெஞ்சு அறிஞர் இன்னொரு மீனுக்குப் பெயரிட்டார். இன்று ‘லாப்ராய்டஸ் டிமிடியாட்டஸ்’ எனப்படும் அதுவே உண்மைத் துப்புரவு மீன். 1852இல் பத்தேவியாவில் பணிபுரிந்த டச்சு இராணுவ மருத்துவர் பிளீக்கர், வேடம் போடும் மற்றொரு சிறுமீனையும் ஏட்டில் ஏற்றினார். கீழ்த்தாடையிலே வளைந்த கோரைப்பல் உடைய அந்த நீலக்கோட்டு மீனைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

பெயர்கள் வந்தன; உண்மை வரவில்லை. ஏன்? மீன்கள் சாராயச் சாடிக்குள்ளே கிடந்தன. சாராயத்தில் ஊறிய மீனுக்கு நீலமும் இல்லை, ஒளியும் இல்லை, ஆட்டமும் இல்லை. பல்லையும் எலும்பையும் துடுப்பு முள்ளையும் எண்ணிப் பார்த்தவர்கள் இவ்விரண்டும் வெவ்வேறு குடும்பம் என்று சரியாகவே வகுத்தார்கள். வெவ்வேறு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். ஒன்றின் வேடத்தை மற்றொன்று போடுகிறது என்பதை அலமாரி எப்படிச் சொல்லும்?

நம் கரையிலும் இதே கதைதான். தரங்கம்பாடியில் இருந்த ஜான் பாதிரியார் சோழமண்டலக் கரையின் மீன்களைப் பதப்படுத்திப் பெர்லினில் இருந்த பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பிவந்தார். 1793இல் பிளாக் ஒரு மீனினத்திற்கு ‘ஜானியஸ்’ என்று பாதிரியாரின் பெயரையே சூட்டினார். அவ்வினத்து மீன் ஒன்றின் அறிவியற் பெயர் ‘ஜானியஸ் கறுத்தா’. ‘கறுத்த’ என்ற நம் தமிழ்ச்சொல் இலத்தீன் ஏட்டிலே ஏறி இன்றளவும் அமர்ந்திருக்கிறது! சொல் ஏறியது, அச்சொல்லைச் சொல்லிக்கொடுத்த மீனவர் ஏறவில்லை. அனுப்பியவர் பெயர் இனத்துக்கு ஆயிற்று. பிடித்தவர் பெயர் காற்றோடு போயிற்று. பின்னர்ச் சென்னை மாகாண மருத்துவப் பணிக்கு வந்த பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை ‘இந்திய மீன்கள்’ என்ற பெருநூலை வெளியிட்டார். பெரும்பணி, மறுப்பதற்கில்லை. அதுவும் கரைக்கு வந்த மீனின் நூலே. கடலுக்குள் வாழும் மீனின் நூலன்று.

மீன் அலமாரியில் உறங்கட்டும். வேடம் என்ற செய்தி அறிவுலகிற்கு எட்டியது வேறொரு வழியாக. வண்ணத்துப்பூச்சியின் சிறகேறி வந்தது அது.

இங்கிலாந்திலே லெஸ்டர் என்னும் ஊர். காலுறை நெய்வது அவ்வூர்த் தொழில். 1825இல் அங்கே பிறந்த ஹென்றி வால்டர் பேட்ஸ், பதின்மூன்று வயதிலே பள்ளியை விட்டுக் காலுறைப் பட்டறையில் தொழில் பயிலப் போனான். நாளுக்குப் பதின்மூன்று மணி நேர உழைப்பு. இரவிலே தொழிலாளர்க்கென நடந்த கல்விக்கூடத்தில் படிப்பு. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் வண்டு பிடித்தல். பட்டம் இல்லை, பரம்பரைச் சொத்தும் இல்லை. அவன் தோழன் ஆல்பிரட் ரசல் வாலஸ் என்பவனும் ஏறத்தாழ அத்தகையவனே. இருவரும் 1848இல் அமேசான் காட்டுக்குக் கப்பலேறினர். பிடித்த பூச்சிகளை விற்று வயிறு வளர்ப்பது. அத்துடன் உயிரினங்கள் தோன்றிய வகையை ஆராய்வது. இதுதான் திட்டம்! வாலஸ் 1852இல் திரும்பினார். பேட்ஸ் பதினோர் ஆண்டுகள் காட்டிலே கிடந்தார். அவர் கொணர்ந்தவை பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள். அவற்றுள் எண்ணாயிரம் அறிவுலகம் அதுவரை அறியாதவை.

அவற்றைப் பிரித்தடுக்கும்போது பேட்ஸ் ஒன்றைக் கண்டார். மெல்லப் பறக்கும், பகட்டு நிறமுடைய, பறவைகள் தொடாத ஒருவகை வண்ணத்துப்பூச்சி. அதன் கூட்டத்துக்குள்ளே, அச்சு அசலாய் அதே நிறத்தில், முற்றிலும் வேறு குடும்பத்துப் பூச்சி! பிடித்த கைக்கே வேறுபாடு தெரியவில்லை. 1861 நவம்பரில் லின்னேயக் கழகத்தின் முன் தம் விளக்கத்தைப் படித்தார். அடுத்த ஆண்டு அச்சேறிற்று. பறவைக்குக் கசக்கும் பூச்சியைப் பறவை ஒதுக்குகிறது. ஒதுக்கப்படும் பூச்சியைச் சிறிதளவு ஒத்திருப்பதும் சிறிதளவு தப்புகிறது. தப்பியது முட்டையிடுகிறது. குஞ்சுகளில் இன்னும் சற்று ஒத்தவை இன்னும் சற்றுத் தப்புகின்றன. ஆயிரமாயிரம் தலைமுறைக்குப் பின் அச்சு அசல்! தம் நூல் வெளிவந்து மூன்றாண்டே ஆகியிருந்த டார்வின் இக்கட்டுரையை வியந்து பாராட்டினார்.

அதற்கு அறுபது ஆண்டுக்கு முன், 1802இல், பேலி என்ற பாதிரியார் ஒரு வாதத்தை நூலாக்கியிருந்தார். கடிகாரம் ஒன்று கிடந்தால் அதைச் செய்தவன் ஒருவன் உண்டு என்போம். உயிரினத்தின் உறுப்பு கடிகாரத்தினும் நுட்பமானது. ஆகவே அதனைச் செய்தவன் உண்டு என்பது அவ்வாதம். நம் வகுப்பிலே “சாமிதான்” என்ற பிள்ளை பேலியைப் படித்தவனல்லன். ஆயினும் அவன் நின்றது பேலியின் இடத்திலே. காலுறைப் பட்டறைப் பிள்ளை கடிகாரத்தைத் திறந்து பார்த்தான். உள்ளே செய்தவன் கையொப்பம் இல்லை. தப்பியவையும் தின்னப்பட்டவையுமாய் ஒரு நெடுங்கணக்கு இருந்தது.

அமேசான் தொலைவு என்று எண்ண வேண்டா. நம் கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலைச் செடியிலே முட்டையிடும் கருநிற வண்ணத்துப்பூச்சி ஒன்றுண்டு. கறிவேப்பிலை அழகி என்பர். அதன் புழு தின்னும் இலை நாமும் தின்பது; பூச்சி பறவைக்கு நல்லுணவு. வேலியோரத்தில் ஆடுதின்னாப்பாளை படர்கிறது. பெயரே சொல்கிறது, ஆடும் தின்னாது! அதனைத் தின்று வளரும் செவ்வுடல் வண்ணத்துப்பூச்சி நஞ்சேறியது, பறவை தீண்டாது. கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு சாரார் அந்தச் செவ்வுடலாளின் சிறகு நிறத்தைப் பூண்டு உலவுகின்றனர். ஆண்களுக்கு அவ்வேடம் இல்லை. ஒரே தாயின் முட்டைகளில் இருவகைப் பெண்கள் எவ்வாறு பிறக்கின்றனர் என்பதை இலங்கையிலே பூச்சிகளை வளர்த்துப் பார்த்து ஃபிரையர் என்பவர் 1913இல் விளக்கினார். வேடத்தை மாற்றும் விசை, பூச்சியின் ஆண்பெண் வேறுபாட்டை வகுக்கும் மரபணு ஒன்றிலேயே உள்ளது என்பதைக் கிருஷ்ணமேக் குண்டே உள்ளிட்ட ஆய்வாளர் 2014இல் வெளியிட்டனர். குண்டே பணிபுரிவது பெங்களூரிலே. பாலக்கோட்டுத் தக்காளி போய்ச்சேரும் ஊர்தான்!

இனிக் கடலுக்குத் திரும்புவோம். பூச்சியின் வேடம் 1862இல் வெளிப்பட்டது. மீனின் வேடம் வெளிப்பட இன்னும் நூறாண்டு ஆயிற்றே, காரணம் என்ன? மனிதன் கடலுக்குள் நின்று பார்க்கவில்லை என்பதே காரணம் என்று எழுதுகிறார்கள். எழுதியவர்களுக்கு ஒரு கேள்வி. கல்லில் காலூன்றி, மூச்சை அடக்கி, மன்னார் வளைகுடாவின் அடியிலே இறங்கினார்களே முத்துக்குளிப்போரும் சங்குகுளிப்போரும், அவர்கள் மனிதர்கள் அல்லரோ? ஈராயிரம் ஆண்டாய் அவர்கள் கண்கள் அங்கே திறந்திருந்தன. எந்தப் பாரில் எத்தனை சிப்பி என்பதற்குப் பாண்டியன் கணக்கெடுத்தான், போர்ச்சுகீசியன் எடுத்தான், டச்சுக்காரன் எடுத்தான், ஆங்கிலேயன் எடுத்தான். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்த 1961 வரை கணக்குத் தொடர்ந்தது. கீழே நீ வேறென்ன கண்டாய் என்று கேட்டு அவன் சொல்லை அவன் பெயரால் எழுதிவைத்த ஏடு எங்கே? எழுத்து ஒருவன் கையிலும் கடல் ஒருவன் கையிலும் இருந்த நாட்டிலே, கண்டது கண்டவனோடு மூழ்கிற்று.

ஐரோப்பியர் மூச்சுக்கருவியோடு கடலுள் தடையின்றி உலவ வழி பிறந்தது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். 1943இல் கூஸ்தோவும் கான்யானும் முதுகில் சுமக்கும் காற்றுக்கலத்தைச் செய்து முடித்தனர். ஆஸ்திரியாவின் ஹான்ஸ் ஹாஸ் தமக்கென வேறொரு கருவியோடு இறங்கினார். அவருடைய ‘சரிஃபா’ கப்பலில் ஐபெஸ்ஃபெல்ட் என்ற இளைஞர் சென்றார். 1928இல் வியன்னாவில் பிறந்தவர். விலங்குகளின் நடத்தையை ஆராய்பவர். 1957இலும் 58இலும் அக்கப்பல் நம் பக்கத்துக் கடலிலேயே, மாலத்தீவிலும் நிக்கோபாரிலும் உலவிற்று. 1959இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் நம் வேடதாரியைக் கையும் களவுமாய்ப் பிடித்தது. பாரிசில் பெயர் பெற்ற இரு மீன்களுக்கும் உள்ள உறவு, பெயரிட்ட 125 ஆண்டுகளுக்குப் பின் தெரிந்தது! வேறுபாடு வாயிலே உண்டு. துப்புரவு மீனுக்கு வாய் முகத்தின் நுனியில். போலிக்கோ மூக்குக்குக் கீழே, சுறாவுக்கு இருப்பதுபோல. அதனை அருகில் வந்துதான் பார்க்க முடியும். அருகில் வந்தபின் பார்த்து என்ன பயன்?

இத்துடன் கதையை முடித்துப் பாடநூல்கள் மூடிவிட்டன. நமக்கும் கல்லூரியில் ஒரு விலங்கியல் நண்பன் இவ்வளவுதான் சொன்னான். பின்னர்த் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, கதை முடியவில்லை என்பது. 1983இல் ஜப்பானிய அறிஞர் குவமுரா, வேடமீன் நாள் முழுதும் உண்மையில் என்ன தின்கிறது என்று பின்தொடர்ந்து பார்த்தார். குழாய்ப்புழுவின் இழைகள், மற்ற மீன்களின் முட்டைகள், இவைதான் பெரும்பங்கு. துடுப்புக் கடி மிகக் குறைவு! அப்படியானால் வேடம் எதற்கு? துப்புரவு மீனைப் பெருமீன்கள் விழுங்குவதில்லை. அதன் உருவில் இருந்தால் உயிருக்குக் காப்பு. கொள்ளைக்கென்று நினைத்த வேடம், பெரும்பாலும் தற்காப்புக்கென்று ஆயிற்று. 2018இல் அவரும் உடனாய்வாளரும் இன்னும் நுணுகிச் சொன்னார்கள்: துடுப்புக் கடிப்பது பெரும்பாலும் சிறிய வேடமீன்களின் வேலை, வளர்ந்தவை வேறு இரைக்கு மாறிவிடுகின்றன. பாடநூலில் அச்சாகிவிட்டது என்பதற்காக அடங்கிவிடாமல் கடலுக்கே திரும்பிப் போய்ப் பார்த்தார்களே, அதனைத்தான் நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

பிளீக்கர் பெயரிட்ட நீலக்கோட்டுக் கோரைப்பல் மீன் இன்னும் கெட்டிக்காரன். வேடத்தைப் போடவும் கழற்றவும் வல்லவன். இளம் துப்புரவு மீன் அருகில் இருந்தால் கருமையும் நீலக்கோடும் பூணுவான். அது இல்லையென்றால் செம்மஞ்சளோ பழுப்போ ஆகிவிடுவான். இசபெல் கோட்டே, கரேன் செனி என்ற இரு பெண் அறிஞர்கள் 2005இல் இதனை வெளியிட்டனர். தொட்டியிலே துப்புரவு மீனை விட்டால் நிறம் மாறிற்று. எடுத்தால் பழைய நிறம் திரும்பிற்று. இவனுடைய தொழில் துடுப்பையும் செதிலையும் கடிப்பதுதான், இதில் ஐயமில்லை.

போலிக்கும் ஓர் எல்லை உண்டென்று அவர்களே கண்டனர். உண்மைத் துப்புரவு மீன்கள் பலவாயிருந்து போலி ஒன்றிரண்டாய் இருக்கும்வரை தொழில் நடக்கும். போலிகள் பெருகினால் வாடிக்கை மீன்கள் விழித்துக்கொள்கின்றன, கடியுண்டவை துரத்துகின்றன, அந்தக் கடைப்பக்கமே வருவதைக் குறைக்கின்றன. அதனால் உழைத்துப் பிழைக்கும் துப்புரவு மீனுக்கும் வாடிக்கை போகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1200 ஒட்டுண்ணிகளைக் கொத்தியெடுக்கும் உழைப்பாளி அது. அலெக்சாண்டிரா கிரட்டர் ஆஸ்திரேலியப் பவளப்பாறையில் எண்ணிச் சொன்ன கணக்கு. அவனையும் முழு உத்தமன் என்று சொல்லிவிட முடியாது. ஒட்டுண்ணியைவிட வாடிக்கை மீனின் மேனி வழவழப்பே அவனுக்குச் சுவையாம்; ஆள் அசந்தால் அதையும் ஒரு கவ்வு கவ்வுகிறான்! கவ்வப்பட்ட மீன் துள்ளி விலகுகிறது, அல்லது துரத்துகிறது, அவனும் அடங்குகிறான். அங்கே நம்பிக்கை என்பது கண்மூடி நிற்பதன்று; கண்திறந்து நிற்பது.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசி வரிசைக்குத் திரும்பினோம். “தம்பி, கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டாய். வேடம் சரியில்லாத மீனை யார் கண்டுபிடித்திருப்பார்?”

சற்று எண்ணினான். “கடிபட வந்த மீனுங்க.”

“கண்டுபிடித்தால் என்ன செய்திருக்கும்?”

“ஓடியிருக்கும், இல்லாட்டி துரத்தியிருக்கும்.”

“அப்போது வேடம் போட்டவன்?”

“பட்டினிங்க.” அவனே மேலே சொன்னான்: “அப்படின்னா, நல்லா ஏமாத்துனது மட்டும் தப்பிச்சு, அதோட குஞ்சுங்க வந்துக்கிட்டே இருந்திருக்கும். ஏமாந்த மீனுங்க கண்ணுதான் ஐயா அதுக்கு வேசம் தைச்சுக் குடுத்திருக்கு!”

பேட்ஸ் பதினோர் ஆண்டு காட்டில் கிடந்து கண்டதை அவன் அரை மணியில் சொன்னான் என்று எழுதினால் மிகையாகும். பேட்ஸ் கண்டதைக் கேட்டபின் சொன்னான். “சாமிதான்” என்ற பிள்ளை, “அப்ப மொதல் மீனுக்கு?” என்று மடக்கினான். நல்ல கேள்வி! முதல் மீனுக்கு வேடம் என்று ஒன்றில்லை. உடலில் ஏதோ ஒரு மங்கிய கோடு இருந்திருக்கும், அவ்வளவே என்று தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. மறுநாள் தொடர்ந்தோம். அறிவியல் ஆசிரியர் விடுப்பு முடிந்து வந்து, நம் வரலாற்று மணியில் பாதியைப் பெற்றுக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை கடைசி வரிசைப் பிள்ளை ஒரு தீப்பெட்டியோடு வந்தான். மாந்தோப்பிலே பிடித்தானாம். முசுறு எறும்பு, கடிக்கும், திறக்காதே என்று பக்கத்துப் பிள்ளைகள் ஒதுங்கினர். நாமும் சற்றே ஒதுங்கினோம். செந்நிற உடல், ஒடுங்கிய இடை, நெடுங்கால், முசுறுதான்.

“எண்ணிப் பாருங்க ஐயா” என்று பெட்டியை நம் மேசைமேல் வைத்தான். எண்ணினோம். எட்டுக் கால் இருந்தது.